அம்மாவின் பித்தப்பையும் இடியப்ப ஓடரும்

முன்பெல்லாம் என் அம்மாவுக்குத் திங்கட்கிழமைகளில்தான் காய்ச்சல் வரும். மற்ற நாட்களில் வந்து பயனில்லை. மருத்துவரிடம் நீட்ட வேண்டிய கார்த் வித்தால் என்ற பச்சை நிறக் காப்புறுதி அட்டை அப்பாவின் பெயரில் இருந்தது. அதில் அம்மா ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். அட்டை அப்பாவின் பணப்பையில் இருந்தது. பணப்பை காற்சட்டையில் இருந்தது. காற்சட்டையோ செவ்வாய் முதல் ஞாயிறு வரை பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. உணவகத்துக்குத் திங்கள் விடுமுறை. ஆகவே எங்கள் வீட்டில் பல்வலி, தடிமன், இடுப்புப் பிடிப்பு எல்லாமே திங்கள் வரை பொறுத்திருக்கப் பழகியிருந்தன.

இதை மாற்றியவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை பார்த்து, பல்கலைக்கழகத்துக்குள்ளும் போய் வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, முயன்றதும் இல்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அப்பா எட்டாம் வகுப்பு என்பார். பெரியப்பா அது ஆறு என்பார்.

2009இல் பிரான்சில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சின்னத் தொழில் செய்கிற எவரும் பெரிய சிக்கலில்லாமல் தம் பெயரைப் பதிந்து வேலை செய்யலாம். அம்மா அதுவரை பாரிஸுக்கு வெளியே கார்ஜில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் இடியப்பம் அவித்து பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். கொண்டுபோய்க் கொடுப்பவர் அப்பா. காசும் அப்பாவின் கையில் ஏறி, அங்கேயே குடியிருந்துவிடும். நான் அம்மாவின் பெயரைப் பதிந்தேன். வங்கிக் கணக்குத் திறந்தேன். அம்மாவின் பெயரில், அம்மாவின் படத்தோடு ஓர் அட்டை எடுத்தேன். படத்தில் சிரிக்கக்கூடாது என்று சொல்லியும் கேட்காமல், படப்பிடிப்புப் பெட்டிக்கே மூன்று முறை காசு போட வைத்தார்.

"இனி எந்தக் கிழமையும் உங்களுக்குக் காய்ச்சல் வரலாம் அம்மா" என்றேன்.

"இனி எனக்கு நேரம் எங்கை பிள்ளை?" என்றார் அம்மா.

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அது பகிடி இல்லை.

தன் பெயரில் தொழில் என்றானதும் அம்மா வேறு ஆளானார். கடைகளுக்குத் தானே போய்ப் பேசினார். கோழிச்சம்பல், கத்தரிக்காய்ப் பிரட்டல் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடியப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் அவருடைய தேங்காய்ச் சம்பலுக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. இரண்டு வருடங்களில் வலது விலாவின் கீழே ஒரு வலியும் வந்து சேர்ந்தது. எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் வரும். தோள்மூட்டு வரை ஏறும். அம்மா அதற்கு வாயு என்று பெயர் வைத்தார். இஞ்சி, பெருங்காயம், சோடா என்று மூன்று மருந்துகள். எந்த மருந்தும் இல்லாத நேரங்களில், "பேசாமல் கிட" என்று விலாவைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையிடத்தில் இருந்த எனக்கு லா சப்பலில் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் போன் எடுத்தார்.

"பிள்ளை, உம்முடைய அம்மா இஞ்சை அரிசி மூட்டையிலை இருக்கிறா. வேர்த்துக் கொட்டுது. எழும்பச் சொன்னா எழும்புறா இல்லை. ஆனா என்னை விலை சொல்ல விடுறா இல்லை. வாற சனத்துக்கெல்லாம் தானே இடியப்பம் வித்துக்கொண்டிருக்கிறா."

அங்கிருந்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் தங்கள் வலியை மற்றவர்களின் வலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஒரு தாதி வந்து, பூச்சியத்திலிருந்து பத்து வரை எண்ணினால் வலி எத்தனை என்று கேட்டார்.

"எத்தினை சொன்னா வீட்டை விடுவினம்?" அம்மா என்னைக் கேட்டார்.

"அம்மா, இது சந்தையில்லை."

"நாலு எண்டு சொல்லு. பத்தெண்டா மறிச்சுப் போடுவினம்."

நான் தாதியிடம் ஒன்பது என்று சொன்னேன். மொழிபெயர்ப்பவளுக்கு இந்த அதிகாரம் உண்டு. அம்மாவுக்குப் பிரெஞ்சில் எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரு பார்வை கிடைத்தது.

இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிரான பசையைத் தடவி, ஒலி அலைகளால் உள்ளே படம் பார்க்கும் கருவியை உருட்டினார்கள். "இதிலை பிள்ளை இல்லையெண்டு சொல்லு" என்று அம்மா வெட்கப்பட்டார். பிள்ளை இல்லை, கற்கள் இருந்தன. ஈரலின் கீழே பித்தப்பை என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்தநீரை ஈரல் சுரக்க, இந்தப் பை சேர்த்து வைக்கிறது. நீர் கெட்டியாகிக் கல்லானால், ஒரு கல் வாசலில் வந்து அடைத்துக்கொள்ளும். பை வீங்கும், கிருமி பிடிக்கும். அம்மாவின் பை வீங்கி, கிருமியும் பிடித்திருந்தது. கண்ணின் வெள்ளையில் இலேசாக மஞ்சள் இறங்கியிருந்ததை மருத்துவர் காட்டினார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கூடத்தின் விளக்குகள் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தன.

சத்திரசிகிச்சை மருத்துவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்த ஒரு பெண். வேலை முடிந்து ஓடிவந்த அப்பா அவருக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "பெரிய டொக்டர் எப்ப வருவாராம்?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"வந்துவிட்டேன்" என்றார் அவர்.

முதலில் கிருமியை அடக்க மருந்து ஏற்றுவது, வியாழன் காலையில் பையை எடுத்துவிடுவது என்று முடிவானது. வயிற்றைப் பிளப்பதில்லை, சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கமெராவை விட்டு, இன்னொன்றால் பையை வெளியே எடுப்பார்கள். அம்மா தலையசைத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அம்மா கேள்வி கேட்காவிட்டால் கணக்குப் பார்க்கிறார் என்று அர்த்தம். வியாழன் வெட்டு, வெள்ளி வீடு, சனி வேலை.

சனிக்கிழமை சார்செலில் ஒரு மண்டபத்தில், பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியச் சடங்கு. மண்டபம் நிறைந்த சனத்துக்கு இடியப்பம், சொதி, சம்பல். அம்மாவின் பெயரில் வந்த முதல் பெரிய ஓடர். அவர்கள் அம்மாவைத் தேடி வந்ததே அந்தச் சம்பலுக்காகத்தான். தவறவிட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். லா சப்பலில் ஒருவரின் பெயர் கெடுவதற்கு, கார்ஜிலிருந்து ரயில் வந்து சேரும் நேரம்கூடத் தேவையில்லை.

வியாழன் காலையில் நடந்ததை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

முதல் நாள் மாலை மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: நள்ளிரவிலிருந்து வெறும் வயிறு. நானும் தெளிவாகத் தமிழில் சொன்னேன்: ஒன்றும் சாப்பிடக்கூடாது. அம்மா, "இதை எனக்குச் சொல்லித் தரவேணுமோ?" என்று சிரித்தார். உண்மைதான். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி விரதம், கௌரி விரதம் என்று வருடத்தில் பாதி நாள் விரதம் இருப்பவர். தன் துறையில் ஒரு பேராசிரியர். அப்பாவும் பொறுப்போடு நடந்துகொண்டார். அன்று மாலையே ஒரு பிளாஸ்கில் சூடான பாலும், இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து கட்டில் அருகே வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் காணவில்லை.

காலையில் மயக்க மருத்துவர் வந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தன் சொந்தப் பிரெஞ்சில் பெருமையாகப் பதில் சொன்னார்: "சாப்பாடு இல்லை. ஒன்றும் இல்லை. பால், வாழைப்பழம் மட்டும்."

அந்த மனிதரின் முகத்தை நான் மறக்கமாட்டேன். நான் வந்து சேர்ந்தபோது அவர் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

"அம்மா, ஒண்டும் சாப்பிடக்கூடாது எண்டெல்லோ சொன்னனான்!"

"நான் எங்கை சாப்பிட்டனான்? பாலும் பழமும் ஒரு சாப்பாடோ? முருகனே அதுக்கு ஒண்டும் சொல்லுறேல்லை, இவர் ஆர்?"

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், அதனால் உயிருக்கே ஆபத்து என்று அவர் பொறுமையாக விளக்கினார். முருகனுக்கு இந்தக் கவலை இல்லை. அன்றைய இடம் வேறு ஒருவருக்குப் போனது. வெள்ளி முழுவதும் நிரம்பியிருந்தது. சனிக்கிழமை காலையில் அம்மாவை முதலாவதாக எடுப்பதாகச் சொன்னார்கள்.

சனி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா காலைக் கட்டிலிலிருந்து கீழே போட்டார்.

"என்ரை செருப்பு எங்கை?"

வெள்ளிக்கிழமை மருத்துவர் வந்தார். அப்பாவும் விடுப்பு எடுத்து வந்திருந்தார். பை எந்த நேரமும் வெடிக்கலாம், வெடித்தால் கிருமி வயிறு முழுவதும் பரவும், வீட்டுக்குப் போவது உயிரோடு விளையாடுவது என்று மருத்துவர் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அப்பா எழுந்து நின்று, "செய்யிறம் டொக்டர், நாளைக்கே செய்யிறம்" என்றார்.

மருத்துவர் அப்பாவைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார். "நான் மதாமிடம்தான் கேட்கிறேன்."

"ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

"இஞ்சேர், விசர்க்கதை கதையாதையும்" அப்பாவின் குரல் உயர்ந்தது. "முந்தி நான் ஒண்டு சொன்னாக் கேட்பீர்."

"முந்தி கார்த் உங்கடை பொக்கற்றிலை இருந்தது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உந்தக் கார்த்தை நீதானே எடுத்துக் குடுத்தனீ!"

நான் சுவரைப் பார்த்தேன். பெண்ணுக்கு என்று ஒரு வருமானம் இருந்தால் அவள் உடல்நலம் தானாகச் சீராகிவிடும் என்று நான் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைகூட எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். வருமானம் வந்த பெண், அதை விட்டுவிட்டுப் படுக்க மாட்டேன் என்று செருப்புத் தேடுவாள் என்பதை அந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை.

மாலைக்குள் முடிவைச் சொல்லும்படி கூறிவிட்டு மருத்துவர் போனார். அப்பா ஒரு பெட்டியைத் திறந்தார்.

"நீர் ஏன் கவலைப்படுறீர்? இடியப்பத்தை நான் பிழியிறன். விடியவே எழும்பி ஒருக்காப் பிழிஞ்சு பாத்தனான்."

அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊரில் உறவினர்களிடம் அப்பா பாரிஸில் சமையற்காரர் என்றுதான் சொல்லியிருந்தோம். அந்த இடியப்பம் உண்மையைச் சொல்லிவிட்டது. இழை ஒவ்வொன்றும் சின்னக் கயிறுபோல் இருந்தது.

"இதாலை மாடு கட்டலாம்" என்றார் அம்மா. ஆனால் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து பலத்த சிரிப்புக் கேட்டது. மதாம் என்கெச்சி குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தார். சிரிக்கும்போது வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வார். லா சப்பலுக்கு அடுத்த சாத்தோ ரூஜில் கருவாடும் துணியும் விற்பவர். நைஜீரியாவில் ஆபா நகரத்தைச் சுற்றியிருக்கும் ங்வா மக்களில் ஒருவர். அம்மா முதல் நாளே அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். அவர்கள் இருவரும் பேசிய பிரெஞ்சு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாதது. இருவருக்கும் அது நன்றாக விளங்கியது, எனக்குத்தான் சிரமம். இங்கே எங்கள் தமிழில் தருகிறேன்.

"சண்டை எதுக்கு?" என்று கேட்டார் என்கெச்சி. நான் சொன்னேன்.

"எங்கடை ங்வாப் பக்கத்திலை எல்லாம் எண்ணெய்ப்பனை" என்று தொடங்கினார். "பழத்தின்ரை சதையிலை வாற எண்ணெய் புருசனுக்கு. உள்ளுக்கை கிடக்கிற கொட்டை பெண்சாதிக்கு. அந்தக் காலத்து வழக்கம். கொட்டையை உடைச்சு வித்த காசை என்ன செய்தனீ எண்டு ஒருத்தரும் கேட்கேலாது."

"பனையிலை எண்ணெயோ?" அம்மாவுக்கு வலியே மறந்துவிட்டது. "எங்கடை பனையிலை கள்ளுத்தான் வரும். அது முழுக்க ஆம்பிளையளுக்கு."

அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எனக்குச் சின்னனிலை காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதோ வேண்டாமோ எண்டு அப்பா யோசிக்கத் தொடங்கினார். அம்மா கொட்டைக் காசை எடுத்தா, என்னைத் தூக்கினா, போனா. அப்பா யோசிச்சு முடிக்கிறதுக்குள்ளை நான் சுகமாகி வந்திட்டன்."

"பாத்தியளோ" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"பொறு. அதே அம்மாவுக்குக் கால் வீங்கினது. காசு இருந்தது. ஆரிட்டையும் கேட்கவும் தேவையில்லை. ஆனா அது கொட்டை விக்கிற காலம். சந்தை முடியட்டும், சந்தை முடியட்டும் எண்டு உடைச்சுக்கொண்டே இருந்தா." என்கெச்சி விரல்களால் ஒரு கொட்டையை உடைப்பதுபோல் காட்டி, கையைக் கீழே விட்டார். "சந்தை முடியேல்லை."

அம்மா கையிலிருந்த இடியப்பத்தைப் பார்த்தார்.

"அதுக்குப் பிறகு எங்கடை வரிசைப் பெண்டுகள் ஒரு சட்டம் வைச்சினம். ஒருத்தி விழுந்தா அடுத்த கடைக்காரி அவளின்ரை சாமானையும் சேர்த்து விக்கோணும். காசு அவளுக்கு, பேரும் அவளுக்கு. நானும் இஞ்சை அதைத்தான் செய்யிறன். இப்ப என்ரை கருவாட்டை ஆர் விக்கிறாள் தெரியுமோ? எனக்கு எதிர்க்கடைக்காரி. அவளோடை எனக்குக் கனகாலமாக் கதை இல்லை."

"கதை இல்லாமல் எப்பிடி?"

"கதைக்கவோ வேணும்? கருவாடு வித்தாச் சரி. உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில், "ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்கிறதுக்கு நான் செத்துப்போகலாம்."

"அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய்" என்றார் என்கெச்சி.

அந்த ஒருத்தி பியர்ஃபித்தில் இருக்கும் சாந்தியக்கா. அம்மாவைவிடச் சில வயது இளையவர். இடியப்பமும் முறுக்கும் செய்து அதே லா சப்பல் கடைகளுக்குக் கொடுப்பவர். சாந்தியின் இடியப்பத்தில் கோதுமை மா கலப்பு என்று அம்மா சொல்வார். அம்மாவின் இடியப்பத்தில் கோதுமை மா கலப்பு என்று சாந்தியக்கா சொல்வார். இருவருமே உண்மை பேசுகிறவர்கள்.

அம்மாவின் ஒரு கையில் மருந்துக் குழாய், மறு கையில் அப்பாவின் இடியப்பம். ஆகவே போனை நான்தான் பிடித்தேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சாந்தியோ? சுகமா இருக்கிறீரோ?"

"ஆர், அக்காவோ!" அந்தக் குரலில் மரியாதையும் சந்தேகமும் சரிபாதியாக இருந்தன. "உங்களுக்குச் சுகமில்லையாம் எண்டு கடையிலை சொல்லிச்சினம். நான் நம்பேல்லை. அக்காவுக்கு வருத்தம் வர நேரம் எங்கை எண்டு சொன்னனான்."

அம்மா விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையின் அடுக்களையில் எதுவோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

"செய்யலாம் அக்கா. மா இருக்கு, கைக்கு ஆளும் இருக்கு. சொதியும் வைப்பன். சம்பல்தான்… அவை உங்கடை சம்பலுக்காகத்தானே உங்களிட்டை வந்தவை? என்ரை சம்பலை வைச்சிட்டு உங்கடை எண்டு சொன்னா அது பொய்யெல்லோ. அதுக்கு என்ன போடுறனீங்கள் எண்டு சொல்லுங்கோ, அப்பிடியே செய்யிறன்."

அம்மா என்னைப் பார்த்தார். போனின் வாயை நான் பொத்தினேன்.

"இவளுக்கு இதைச் சொல்லுறதிலும் பாக்க, அந்த டொக்டர் என்ரை வயித்திலை எத்தினை ஓட்டை போட்டாலும் பரவாயில்லை" என்றார் அம்மா, மெல்லிய குரலில்.

"ரெண்டும்தான் வேணும் அம்மா" என்றேன். என் குரல் உடைந்ததை நான் விரும்பவில்லை. "ஓட்டையும் போடோணும், சொல்லவும் வேணும். எனக்கு நீங்கள் வேணும்."

எங்கள் வீட்டில் இப்படி யாரும் பேசுவதில்லை. மூவருக்குமே வெட்கமாகிவிட்டது. அம்மா இடியப்பத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வெளியிலை போங்கோ."

"நானுமோ?" என்றார் அப்பா.

"நீங்கள்தான் முதல்லை."

என்கெச்சிக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவர் இருக்கலாம் என்றானது. நாங்கள் நடைகூடத்தில் நின்றோம். கதவுக் கண்ணாடி வழியே அம்மாவின் உதடுகள் அசைவது தெரிந்தது. அந்தச் சம்பலின் முழு விபரம் இன்றுவரை உலகத்தில் இருவருக்குத்தான் தெரியும். பல்கலைக்கழகம் போய் வந்தவள் அந்த இருவரில் இல்லை. பிறகு கதவு திறந்தது. மருத்துவரைக் கூப்பிடச் சொன்னார் அம்மா. காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். அப்பா எட்டிப் பார்த்தபோது கையால் தாளை மறைத்தார், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து மறைப்பதுபோல.

அன்று மாலை அப்பாவின் பையைத் தாதி ஒருவர் திறந்து பார்த்தார். பிளாஸ்க் இல்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்று அம்மாவே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஒரு நோயாளிக்குப் பாலும் பழமும் எவ்வளவு ஆபத்தானவை என்று பாடமும் எடுத்தார்.

சனிக்கிழமை காலை, தள்ளுகட்டிலில் படுக்கவைத்து அழைத்துப்போனார்கள். பாதித் தூரம் போனதும், "பொறுங்கோ, பொறுங்கோ" என்று அம்மா கையைத் தூக்கினார். வலி என்று நினைத்துக் கட்டிலைத் தள்ளியவர் நின்றார்.

"போனை எடு பிள்ளை. சாந்தியைக் கூப்பிடு."

போனைக் காதில் வைத்தேன்.

"சாந்தி, நேற்று ஒண்டு சொல்ல மறந்திட்டன்." அம்மா எதையும் மறக்கிறவர் அல்ல. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இப்ப போகலாம். நான் செத்தாலும் சம்பல் பிழையாப் போகக்கூடாது."

கதவுகள் மூடிக்கொண்டன. நானும் அப்பாவும் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பா இரண்டு கோப்பி எடுத்தார், இரண்டையும் குடிக்க மறந்தார்.

"ஊரிலையிருந்து இண்டைவரைக்கும் இவள் என்னைக் கேட்காமல் ஒரு இடமும் போனதில்லை" என்றார். "இண்டைக்குக் கேட்காமல் போறாள்."

"ஒப்பரேசனுக்குத்தானே அப்பா."

"ஓம் பிள்ளை. அதுதான் நல்லது. கேட்டிருந்தா, செய்வம் எண்டு வாயாலை சொல்லியிருப்பன். உள்ளுக்கை பயம். பாப்பம், பாப்பம் எண்டு இழுத்திருப்பன்." கண்ணைத் துடைத்துவிட்டு, கோப்பியின் ஆவி பட்டுவிட்டதாகச் சொன்னார். கோப்பி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மருத்துவர் வெளியே வந்து நல்ல செய்தி சொன்னார். பை அழுகத் தொடங்கியிருந்ததாம். ஞாயிறு வரை தாங்கியிருக்குமா என்பது சந்தேகம் என்றார். அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பெரிய டொக்டர், பெரிய டொக்டர்" என்று தமிழில் சொன்னார்.

கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மண்டபத்திலை என்னவாம்?"

அடுத்த நாள் சாந்தியக்கா நேரிலேயே வந்தார். பட்டுச்சேலை, கையில் ஒரு பார்சல். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நலம் விசாரித்தார்கள்.

"சொதி மிஞ்சிப்போச்சு. சம்பல் காணாமல் போச்சு" என்றார் சாந்தியக்கா. "ஆரின்ரை சம்பல் எண்டு கேட்டவை."

"நீர் என்ன சொன்னீர்?"

"உங்கடை எண்டுதான்."

அம்மா பார்சலைத் திறந்து விரல் நுனியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். எண்ணெய் இல்லாத கஞ்சி மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த நேரம் அது. நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"உப்புக் கூடிப்போச்சு."

"உங்களுக்கு வாய் கைப்பு அக்கா. மருந்து."

என்கெச்சி இருவரையும் பார்த்துத் தலையாட்டினார். இதைவிட நல்ல நட்பை அவர் எதிர்பார்க்கவில்லைபோலத் தெரிந்தது.

பிறகு பில் வந்தது. பெரும்பகுதியைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. நோயாளி கட்ட வேண்டிய நாள் கட்டணத்தை அம்மா தன் கணக்கிலிருந்தே கட்டினார். வியாழக்கிழமைக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தபோது, இரண்டு வாழைப்பழத்துக்கு ஒருநாள் வாடகை வாங்குகிற நாட்டை முதல்தடவை பார்க்கிறேன் என்றார்.

அம்மா தேறி, மறுபடி அடுப்படிக்குப் போய்ச் சில மாதங்கள் கழித்து, சாந்தியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய அண்டா ஒன்றைக் கடனாக வாங்க வந்தவர், அண்டாவை வாங்கிய பிறகும் போகவில்லை. தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். எழுந்தார், திரும்ப இருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, எனக்கும் ஒண்டு பாக்கக் கிடக்கு" என்றார் கடைசியில். "மாசாமாசம் இரத்தம் கனக்கப் போகுது. தலை சுத்துது. போன வருசமே டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொன்னவர்."

"எடுத்தனீரோ?"

"எங்கை நேரம்? தீபாவளி முடியட்டும் எண்டு…"

அம்மா என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இவளுக்கு ஸ்கானுக்கு நாள் குறிக்கோணும், வாற கிழமைக்கு ஒரு ராந்தேவு எடு" என்றார்.

"வாற கிழமையோ? அக்கா, முறுக்கு ஓடர் முழுக்க அந்தக் கிழமைதான். கடையளுக்குச் சொல்லிப்போட்டன்."

"உம்முடைய முறுக்கை நான் சுடுறன். நீர் போம்."

சாந்தியக்கா வெறும் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நெடுநேரம் இருந்தார். நான் போனில் மருத்துவமனையின் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவருக்குள் ஒரு பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"அக்கா" என்றார் மெதுவாக. "என்ரை முறுக்குக்கு நான் ஓமம் போடுறேல்லை. வறுத்த எள்ளும், கொஞ்சம் தேங்காய்ப்பாலும்."

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் அம்மா.